சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன்

மதுரை வட்டார அரசுப் பள்ளிகளில் எழுத்துப் பயிற்சி அளிக்க முன்வரும் தன்னார்வலர்களை உடனே வகுப்புக்கு அனுப்பாமல், 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற ஓரிடத்தில் கூடச் செய்து, அழகர் ஆற்றில் இறங்கிய நாளில் தாம் கண்டதைப் பதினைந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலோர் ‘மக்கள் வெள்ளம் அலைமோதியது’ என்றே தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு இருவர் இருவராக அமர்ந்து, எதையும் திருத்தாமல், ‘எங்கே நின்று பார்த்தீர்கள், கையில் என்ன வைத்திருந்தீர்கள்?’ என்று கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்ளட்டும். சர்க்கரை நிரப்பிய செம்பும், தண்ணீர் பீய்ச்சும் தோல்பையும், மணலில் தொலைந்த செருப்பும் அந்தப் பதில்களில்தான் வெளிவரும். பிள்ளைகளிடமும் இதே முறையைக் கையாள வேண்டும். ஒற்றுப்பிழைகளை இரண்டாம் படியில், பென்சிலால் குறித்தால் போதும்.