ஸ்பிட்டிக்குச் சைக்கிள் கட்டுவது எப்படி

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு சைக்கிளைப் பார்த்தால் நிறமும் ஸ்டிக்கரும் என் கண்ணில் படாது. எந்த போல்ட் எந்த மரையில் உட்கார்ந்திருக்கிறது, அது அறுந்தால் வழியில் கிடைக்குமா என்றுதான் பார்ப்பேன். இமாச்சலப் பிரதேசத்தில் சிம்லாவில் கிளம்பி, கின்னோர் மாவட்டம் வழியாக ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸா போய், குன்சும் கணவாய் ஏறி மணாலியில் இறங்குகிற ஸ்பிட்டி சுற்று ஏறக்குறைய 600 கிலோமீட்டர். அதற்குச் சைக்கிள் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாலையோரத்தில் உட்கார்ந்து நீங்களே சரிசெய்ய முடியாத எதையும் வண்டியில் மாட்டாதீர்கள்.

ஆனால் வண்டிக்கு முன்னால் மாதத்தையும் திசையையும் முடிவு செய்யுங்கள்.

குன்சும் கணவாய் சுமார் 4,550 மீட்டர் உயரம். பனி விலகி ஜூன் வாக்கில்தான் திறக்கும், அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ மூடிவிடும். ஸ்பிட்டி மழை மறைவுப் பகுதி, அங்கே பருவமழை பெரிதாகப் பெய்யாது. ஆனால் அங்கே போகும் வழியான கின்னோரில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மலை சரிந்துகொண்டே இருக்கும். அதே மாதங்களில்தான் பனி உருகி ஓடைகளும் பொங்கும். ஆகவே செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அதற்கு உடுப்பு இருக்கிறது. ஓடையில் இடுப்பளவு தண்ணீர் வந்தால் எந்த உடுப்பும் உதவாது.

மணாலியிலிருந்து ஏறாதீர்கள். அந்தப் பக்கம் ஓரிரு நாளில் 4,500 மீட்டருக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். தலைவலி, வாந்தி என்று பாதிப்பேர் படுத்துவிடுவார்கள். சிம்லா பக்கம் உயரம் மெதுவாகக் கூடும். நார்கண்டா 2,700 மீட்டர், பிறகு சட்லெஜ் கரையில் ராம்பூர் வெறும் 1,000 மீட்டர், அங்கிருந்து மறுபடி ஏற்றம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் படுக்கிற உயரத்தில் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் வேண்டும் என்பது மலையேறிகள் கடைப்பிடிக்கிற கணக்கு. இந்தப் பாதையில் அது ஓரிடத்தில் உதைக்கும். பூ என்கிற ஊர் சுமார் 2,650 மீட்டர், அடுத்து தங்க வசதியான நாக்கோ 3,600-க்கு மேல். அதனால் அதற்கு முன்பே 2,960 மீட்டரில் இருக்கும் கல்பாவில் இரண்டு இரவு தங்குங்கள், நாக்கோவிலும் இரண்டு இரவு. அடுத்து வரும் தாபோ நாக்கோவைவிடத் தாழ்வு. உடம்புக்கு ஒரு மூச்சு கிடைக்கும். கி.பி. 996-இல் கட்டிய புத்த மடம் அங்கே இருக்கிறது, அரை நாளாவது கொடுங்கள். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டு இந்தக் கணக்கை மீறலாம் என்று நினைக்க வேண்டாம்.

இனி சைக்கிள். "அண்ணா, ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கட்டுமா?" என்று கேட்ட தம்பியிடம், "கேரியரை எங்கப்பா மாட்டுவ?" என்றுதான் திருப்பிக் கேட்டேன். பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத எம்டிபி, அதாவது மலைப்பாதைச் சைக்கிள் போதும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க், சஸ்பென்ஷன் இல்லாத ஸ்டீலாக இருப்பதும் அகலமான டயரும் என் விருப்பம். காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் ஃபோர்க்கில் சீல் போனால் காஸாவில் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஃபிரேமும் ஸ்டீல் என்றால் நல்லது. கேஸ் வெல்டிங் தெரிந்த எந்த ஊரிலும் ஒட்டவைக்கலாம். அலுமினியம் விரிசல் விட்டால் பயணம் அங்கேயே முடிந்தது.

கியரில் பார்க்க வேண்டியது எத்தனை இருக்கிறது என்பதல்ல, கடைசி கியர் எவ்வளவு இலகு என்பதுதான். முன்னால் 22 பல், பின்னால் 34 பல் என்று வையுங்கள். பெரிய 29 அங்குலச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகம் வரும். நடக்கிற வேகம்தான். சுமையோடு, காற்று மெலிந்த இடத்தில், சரளைக்கல் ஏற்றத்தில் அதுதான் தேவை. முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் என்றால் முன்னால் 32 பல், பின்னால் 51 பல் இதே கணக்குக்கு வந்துவிடும். கடைக்காரர் மேலே எத்தனை வேகம் போகும் என்று சொல்வதைக் காதில் வாங்காதீர்கள்.

பிரேக்குக்கு கேபிள் டிஸ்க். ஹைட்ராலிக் பிடிப்பு அருமைதான், ஆனால் ஹோஸ் அறுந்தால் ஆயில் ஏற்றக் கருவி வேண்டும். கேபிள் அறுந்தால் பையில் ஒரு கேபிள் இருந்தால் போதும். பேட் இரண்டு ஜோடி கூடுதலாக எடுங்கள். நார்கண்டாவிலிருந்து சட்லெஜுக்கு இறங்குவது மட்டும் 1,700 மீட்டர். சுமையோடு இறங்கினால் பேட் தேய்வது கண்ணுக்குத் தெரியும்.

டயர் 2.1 முதல் 2.4 அங்குலம், உள்ளே சீலன்ட் (சிறு ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) விட்ட ட்யூப்லெஸ், அதோடு இரண்டு ட்யூப். கரடுமுரடான இடத்தில் பின்னால் 30 பிஎஸ்ஐ, முன்னால் 25. ஒன்று கவனியுங்கள்: மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், கோவையில் அடித்த காற்று குன்சுமில் ஐந்தாறு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். குளிர் அதில் கொஞ்சம் குறைக்கும். காஸாவில் ஒருமுறை அளந்து விட்டுக்கொள்ளுங்கள்.

போல்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கல் பாதையில் முதலில் கழல்வது கேரியர் போல்ட். பெரும்பாலும் அது 5 எம்எம். ஒவ்வொன்றையும் கழற்றி, மரையைத் துடைத்து, மரை கழலாமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டில் நீல நிறத்தை ஒரு சொட்டு விட்டு, ஸ்பிரிங் வாஷரோடு முறுக்குங்கள். சிவப்பு லாக்டைட் வேண்டாம், சூடு காட்டாமல் கழற்ற முடியாது. ஃபிரேமின் மரைத்துளை பின்பக்கம் திறந்திருந்தால் போல்ட்டைக் கொஞ்சம் நீளமாகப் போட்டு, அந்தப் பக்கம் நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகக் கழலாத நட்டு) மாட்டுங்கள். போல்ட் அறுந்தாலும் மிச்சத்தை நட்டைப் பிடித்து வெளியே எடுத்துவிடலாம். தினமும் காலையில் ஆலன் கீயோடு ஒரு சுற்று வாருங்கள். கூடுதலாகப் பத்து போல்ட், ஒரு கை கேபிள் டை, பைண்டிங் கம்பி.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஹேங்கர். பின் கியரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு, வண்டி சாய்ந்தாலே வளைகிற மாதிரிதான் செய்யப்பட்டிருக்கிறது. மாடலுக்கு மாடல் வடிவம் வேறு, இன்னொரு வண்டியினுடையது சேராது. சைக்கிள் வாங்கும் அன்றே இரண்டு ஹேங்கர் சேர்த்து வாங்குங்கள். "அப்புறம் வரவழைத்துத் தருகிறோம்" என்றால் வேறு வண்டி பாருங்கள்.

செயினுக்குக் கெட்டி ஆயில் போடாதீர்கள். ஸ்பிட்டியின் தூள் மண் அதில் ஒட்டினால் பட்டறையில் வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரி ஆகிவிடும், பல்லைத் தின்றுவிடும். மெழுகு வகை லூப்ரிகன்ட் போட்டுத் துணியால் துடையுங்கள். செயின் கட்டர், அறுந்த செயினை இணைக்க இரண்டு குவிக் லிங்க், உங்கள் சக்கரத்துக்குரிய நீளத்தில் நான்கு ஸ்போக். டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு பழைய டயர்த் துண்டு.

சுமையில் பெரும்பாலானவர்கள் கூடாரம், ஸ்டவ் என்று ஆரம்பிப்பார்கள். என் கருத்தில் ஸ்டவ் தேவையில்லை. கேஸ் சிலிண்டரை விமானத்திலும் ரயிலிலும் ஏற்ற முடியாது. 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. வழியில் ஊருக்கு ஊர் வீட்டுத் தங்கல் இருக்கிறது. நம் ஊர் அவலும் நாட்டுச்சர்க்கரையும் இரண்டு கிலோ எடுத்துக்கொண்டால் பச்சைத் தண்ணீரிலேயே ஒரு வேளை முடியும். பதிலாக நல்ல ஸ்லீப்பிங் பேக், ஒரு தார்ப்பாய், நான்கு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் வசதி, ஒரு ஃபில்டர். மொத்தச் சுமை 12 கிலோவைத் தாண்டினால் பையைக் கொட்டி மறுபடி அடுக்குங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். காஸாவில் ஏடிஎம் உண்டு, அதில் பணம் இருக்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். நமக்குப் பெர்மிட் தேவையில்லை, ஆதார் போதும்.

இத்தனை ஏற்பாடும் குன்சுமுக்கு இந்தப் பக்கம் லோசர் என்ற ஊரிலிருந்து அந்தப் பக்கம் கிராம்பு என்ற இடம் வரையுள்ள சுமார் 80 கிலோமீட்டருக்காகத்தான். சாலை வேலை நடக்கிறது, ஆனாலும் பாறையும் ஓடையுமாகவே எண்ணிக்கொண்டு போங்கள். ஒரு நாளில் 30 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள்: முதல் நாள் குன்சும் தாண்டி பாத்தல், இரண்டாம் நாள் சத்ரு. சீசனில் இரண்டிலும் தாபா இருக்கும், கட்டிலும் கம்பளியும் தருவார்கள். திறந்திருக்கிறதா என்று காஸாவிலேயே விசாரித்துவிடுங்கள், இடையில் போனை நம்ப முடியாது. ஓடைகளில் விடியலில் தண்ணீர் குறைவு. வெயில் ஏறிப் பனி உருகினால் பிற்பகலில் அதே ஓடை இரண்டு மடங்காகத் தெரியும். வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள். கடக்கும்போது வார் வைத்த செருப்பு போட்டு, பைகளைத் தனியாகக் கழற்றிக் கடத்திவிட்டு, சைக்கிளை உங்களுக்குக் கீழ்ப்பக்கம், அதாவது தண்ணீர் போகும் திசையில் பிடித்துத் தள்ளுங்கள். மேல்பக்கம் பிடித்தால் வெள்ளம் அதை உங்கள் காலில் மோதும்.

ஒத்திகைக்கு காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறுங்கள், 70 கொண்டை ஊசி வளைவு, முழுச் சுமையோடு. மறுநாள் உடுமலை பக்கம் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்கால் கரை மண்பாதையில் நாள் முழுக்க ஓட்டுங்கள். எந்த போல்ட் கழன்றது, எந்தப் பை உரசியது என்று எழுதி வையுங்கள்.

டெல்லி வரை ரயில் பார்சலில் போடுவதானால் பின் கியரைக் கழற்றி ஃபிரேமுக்குள் கட்டிச் சாக்கு சுற்றுங்கள். விமானம் என்றால் சைக்கிள் கடையில் அட்டைப்பெட்டி கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். பவர் பேங்கைக் கைப்பையில் வைக்க வேண்டும். பெடலைக் கழற்றும்போது இடது பக்கத்துக்கு மரை எதிர்த்திசை. மணாலியில் திரும்ப கட்ட, பேக்கிங் டேப் ஒரு சுருள் பையின் அடியில் இருக்கட்டும்.