கம்ப்யூட்டர் எவ்வளவு கரன்ட் இழுக்கிறது? அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

போன வாரம் எங்கள் தெருக் கல்லூரித் தம்பி ஒருவன் வீட்டுக்குக் கூப்பிட்டான். ஆர்டிஎக்ஸ் 3090 கிராபிக்ஸ் கார்டு போட்ட புது மெஷின், சுவரில் கரன்ட்டை அளந்து போனில் காட்டும் ஸ்மார்ட் பிளக், போனில் 88 வாட். "பாத்தீங்களாண்ணே, நூறு வாட் குண்டு பல்புகூட இல்ல" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சில வருடங்களுக்கு முன் நான் போட்ட அதே கணக்கு.

மீட்டரைச் செருக மறப்பது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். காசைத் தின்பவை மட்டும்.

எஸ்எம்பிஎஸ் மேல் எழுதியிருப்பதைப் பெருக்குவது

எஸ்எம்பிஎஸ் என்பது மெஷினுக்குள் கரன்ட் கொடுக்கும் பெட்டி. அதன் மேல் 850 வாட் என்றிருந்தால் அது கொடுக்கக்கூடிய உச்சம். எப்போதும் இழுப்பது அல்ல.

ஒரு நிமிடம் பார்த்துவிட்டு இரண்டு மாதத்துக்குப் பெருக்குவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு அனிமேஷன் வேலைக்கு விலை சொல்ல வேண்டியிருந்தது. மெஷினை ஆன் செய்து, டெஸ்க்டாப் வந்ததும் அளந்தேன்: 85 வாட். நாள் முழுக்க ஓடினாலும் 60 நாளுக்கு 122 யூனிட். வீட்டுக்கு வழக்கமாக 320 ஆகும். மொத்தம் 442, ஐந்நூறுக்குள் அடங்கும் என்று நம்பி, அந்தக் கணக்கிலேயே கூலி சொன்னேன்.

ஆனால் மெஷின் சும்மா இருக்கவா வாங்கினோம்? ராத்திரி ஒன்பது மணி நேரம் ரெண்டரிங், அதாவது அனிமேஷன் படங்களை மெஷின் கணக்கிட்டு உருவாக்கும் வேலை. அப்போது 480 வாட். அதையும், மீதி பதினைந்து மணி நேரத்துக்கு 85 வாட்டையும் கூட்டினால் ஒரு நாளைக்கு 5.6 யூனிட், 60 நாளுக்கு 336. ரீடிங் எடுக்க வந்தபோது மொத்தம் 650-ஐத் தாண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் 500 என்பது வெறும் எண் இல்லை. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, விகிதப் பட்டியலே மாறிவிடும். 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதலாகக் கட்ட வேண்டும். வித்தியாசத்தை என் கைக்காசில் கட்டினேன்.

அதனால் தம்பியிடம் சொன்னேன்: வாட்டைப் பார்க்காதே, யூனிட்டைப் பார். பிளக்கின் கணக்கைப் பூஜ்ஜியமாக்கு. வேலை நாள், லீவு நாள், டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்கும் ராத்திரி எல்லாம் சேர்ந்த ஒரு முழு வாரம் ஓடவிடு. ஏழு நாள் யூனிட்டை ஏழால் வகுத்து அறுபதால் பெருக்கு. அப்புறம் வீட்டின் பழைய பில்லோடு கூட்டிப் பார்.

சாப்ட்வேர் காட்டும் வாட்டை நம்புவது

கிராபிக்ஸ் கார்டு 350 வாட் என்று திரையில் வந்தால் அது கார்டின் கணக்கு மட்டும். பிராசஸர், ஃபேன், மானிட்டர் எல்லாம் தனி. எஸ்எம்பிஎஸ் உள்ளேயே சூடாக வீணாவதும் அதில் வராது: உள்ளே 500 வாட் கொடுக்க, வீணாவது குறைவான கோல்டு ரக எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் சுவரிலிருந்து ஏறக்குறைய 550 வாட் வேண்டும். பில் சுவரில் இழுப்பதற்குத்தான்.

ஆம்பியரை 230-ஆல் பெருக்கி வாட் என்பது

அது விஏ, அதாவது வோல்ட்-ஆம்பியர். அதில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் பவர் ஃபேக்டரையும் பெருக்கினால்தான் வாட். பழைய மலிவு எஸ்எம்பிஎஸ்களில் இந்த வித்தியாசம் பெரிதாகவே இருக்கும். ஒயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரை முழு ஒயரையும் சுற்றிப் போட்டால் பூஜ்ஜியம்தான் காட்டும். ஃபேஸ் ஒயரை மட்டும் பிரித்துப் பிடிக்க வேண்டும். அந்த வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ஈபி மீட்டரோடு ஒத்துப் பார்க்காமல் விடுவது

அதில் சிவப்பாகச் சிமிட்டும் விளக்கின் அருகே 3200 என்றோ வேறு எண்ணோ போட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை சிமிட்டல். வீட்டில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு ரெண்டரிங்கை மட்டும் ஓடவிட்டு எண்ணுங்கள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 32 சிமிட்டல் என்றால் 600 வாட்.

6 ஆம்பியர் சாக்கெட்டில் இரண்டு மெஷின்

வேண்டாம்.

ஏசியை மறப்பது

மெஷின் இழுக்கும் கரன்ட் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வருகிறது. மூடிய அறையில் 500 வாட் மெஷின் ஓடினால் அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசி இன்னும் 150 வாட் அளவுக்குக் கூடுதலாக இழுக்கும். இது மெஷினின் பிளக்கில் தெரியாது. தம்பியின் மெஷின் இருப்பது ஏசி அறையில்தான். இந்த வாரம் ஏசிக்கும் ஒரு 16 ஆம்பியர் பிளக் மீட்டர் போடச் சொல்லியிருக்கிறேன்.