ஊரில் நிலம், சிங்கப்பூரில் நாம்: குடும்ப விவசாயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேக்கா மார்க்கெட்டிலும் கோவில் அன்னதான வரிசையிலும் இப்போது அடிக்கடி ஒரே கேள்வியோடு இளைஞர்கள் வருகிறார்கள். "அண்ணே, அப்பா தவறிட்டாங்க. ஊர்ல நிலத்தை இனிமே நான்தான் பார்க்கணும். இங்கிருந்தே பார்த்துக்க முடியுமா?"

முடியும். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தாத்தா வாங்கிய தென்னந்தோப்பையும் நெல் வயலையும் மூன்று தலைமுறையாக அப்படித்தான் நடத்திவருகிறோம். சித்தப்பா குடும்பம் அங்கே, நாங்கள் இங்கே. ஆனால் கேட்பவர்கள் அடுத்துச் சொல்லும் திட்டங்களைக் கேட்டால் கவலையாக இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் நடந்ததெல்லாம் இவர்கள் வீட்டில் திரும்ப நடக்கப்போகிறது.

எந்த விதை, எந்த உரம், எத்தனை தண்ணீர் என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வருவது மனிதர்களை வதைக்கும் தவறுகளை. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்காவிட்டால் டெல்டா முழுக்கச் சேர்ந்து கவலைப்படும். அண்ணன் தம்பிக்குள் பேசாமல் விட்டதால் வரும் கவலையை ஒரே ஒருவர்தான் சுமப்பார். பெரும்பாலும் அது நிலத்தோடு நிற்பவர்.

ராத்திரி போன்

சிங்கப்பூர் நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஊரில் சாப்பிட்டு முடித்து ஒன்பது மணிக்கு நிதானமாகப் போன் போட்டால் இங்கே பதினொன்றரை. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, மோட்டார் காயில் எரிந்துவிட்டது என்று அந்த நேரத்தில் கேட்டு நாம் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. தூக்கம் போகும், காலையில் வேலையில் கோபம் வரும், அடுத்த தடவை போனில் அந்தக் கோபம் ஊருக்குப் போகும்.

வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஞாயிறு இங்கே இரவு ஒன்பதரை, அங்கே ஏழு. அவசரம் என்றால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், ஆனால் எது அவசரம் என்று முதலிலேயே பேசி முடிவு செய்திருக்க வேண்டும். அப்புறம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பணக் கணக்கு பேசாதீர்கள். அதை மச்சான், மருமகள், பிள்ளைகள் எல்லாரும் படிக்கிறார்கள். ஒருவரை நாலு பேர் முன்னால் கணக்குக் கேட்ட மாதிரி ஆகிவிடும்.

ஊரில் இருப்பவரைச் சம்பளம் இல்லாத ஆளாக வைத்திருப்பது

நாற்றங்காலுக்கு ஆள் தேடுவது, நடவு எந்திரத்துக்கு முறை பிடிப்பது, எந்தப் பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் வாங்கிப் பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவது எல்லாம் அவர். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்பார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைத்து ராத்திரி காவல் இருப்பதும் அவர்தான். இவ்வளவும் செய்தவரிடம் நாம் இங்கிருந்து கேட்பது, "இவ்வளவுதான் வந்துச்சா?"

மேற்பார்வைக் கூலி என்று ஒன்றை ஒதுக்குங்கள். பங்கு பிரிப்பதற்கு முன்னால் அது முதலில் போக வேண்டும். மகசூல் வந்தாலும் வராவிட்டாலும் போக வேண்டும். சித்தப்பா முதலில் வாங்க மறுத்தார், தம்பிக்குக் கூலியா என்று அத்தைக்கும் சங்கடம். இப்போது அது நோட்டில் முதல் வரியாக இருக்கிறது. மிச்சத்தைப் பற்றிப் பேசும்போது யார் குரலும் உயர்வதில்லை.

பட்டா தாத்தா பெயரிலேயே கிடப்பது

இதை நினைத்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது, அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷ் படை சிங்கப்பூரைவிட்டு விலகியபோது அவரும் ஊர் திரும்பினார். அதற்குள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நிலம் வாங்கியிருந்தார். அவர் போன பிறகு அப்பாவும் சித்தப்பாவும் ஒரு சாயங்காலம் வரப்பில் நின்று பிரித்துக்கொண்டார்கள். வாய்க்காலுக்கு மேற்கே அண்ணனுக்கு, கிழக்கே தம்பிக்கு. இரண்டு பேரும் கடைசிவரை அந்தப் பேச்சை மீறவில்லை. ஊரில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் பத்திரம் எழுதவில்லை, பட்டாவும் மாறவில்லை.

எழுதிவிடலாமே என்று யாராவது சொன்னால், "எங்களுக்குள்ள என்னடா பத்திரம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெரியவர்கள் இருக்கும்போது பாகம் பேசினால் அவர்கள் சாவை எதிர்பார்ப்பது போல ஆகிவிடும் என்ற நினைப்பு வேறு. அந்த மரியாதைக்கு என்ன விலை என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அப்பா சிங்கப்பூரில் தவறினார். ஒரு அத்தை ஜொகூரில் தவறினார். அண்ணன், தம்பி, இரண்டு தங்கைகள் என்று நாலு கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம், ஆலமரம் விழுது விட்ட மாதிரி மூன்று நாடுகளுக்குப் பரவிவிட்டது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை விழுந்தது. அரசு, மரம் ஒன்றுக்கு நிவாரணம் 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் பட்டா கேட்டார்கள். பட்டா எப்போதோ இறந்துபோன ஒருவர் பெயரில் இருந்தது. வந்தவர்களைக் குறை சொல்ல முடியாது, செத்தவர் கணக்கில் யார் பணம் போடுவார்கள்?

அதற்குப் பிறகு சித்தப்பா அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. தாத்தாவுக்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அதற்கு அப்பாவின் சிங்கப்பூர் இறப்புச் சான்றிதழ் வேண்டும், அத்தையின் மலேசியச் சான்றிதழ் வேண்டும், ஒவ்வொரு வாரிசின் சம்மதமும் வேண்டும். ஊர்ப் பத்திரங்களில் அப்பா பெயர் இனிஷியலோடு ஒரு விதமாக இருந்தது, இங்கே அடையாள அட்டையில் எஸ்/ஓ போட்டு வேறு விதமாக இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று தனியாகப் பிரமாணப் பத்திரம் எழுத வேண்டியிருந்தது. அத்தை பிள்ளைகளுக்கு அந்த நிலம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது, எதற்குக் கையெழுத்து என்று அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அவர் தாலுகா அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்த நேரத்தில் தோப்பில் விழுந்த மரங்கள் அப்படியே கிடந்து மக்கின. மக்கிய தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புதிதாக வைத்த கன்றுகளின் குருத்தை அந்த வண்டு தின்றது. நெட்டை ரகத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், ஒரு வருஷம் நடவு தள்ளிப்போனால் ஒரு வருஷ வருமானம் தள்ளிப்போகும். பேர் மாறாத பட்டாவை வைத்துக் கடன் சங்கத்தில் கடனும் வாங்க முடியவில்லை, அதனால் வெளியில் வட்டிக்கு வாங்கினார்.

பணம்கூடப் போகட்டும். அந்த மாதங்களில் அவர் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. போன் செய்வதைத்தான் நிறுத்திக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அந்த மண்ணில் உழைத்தவர், அது தன்னுடையதுதான் என்று நிரூபிக்க ஒவ்வொரு மேசையாக நிற்க நேர்ந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இப்போது ஒரு தம்பி வந்து, "எங்க குடும்பத்துல அந்தப் பிரச்சினையே வராதுண்ணே, பெரியப்பா தங்கமான மனுஷன்" என்று சொல்லும்போது கோபம் அடக்க முடிவதில்லை. எங்கள் வீட்டிலும் எல்லாரும் தங்கமானவர்கள்தான்.

சரி, என்ன செய்ய வேண்டும்? உடன்பிறந்தவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கும்போதே வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். சர்வேயரை வைத்து உட்பிரிவு செய்து தனித்தனிப் பட்டா வாங்குங்கள், கூட்டுப் பட்டாவில் நிறுத்திவிடாதீர்கள். செலவுக்குப் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைக்கு 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. பட்டா இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் இங்கிருந்தே பார்க்கலாம். சர்வே எண் தெரிந்தால் போதும். இன்றைக்கே பாருங்கள்.

இங்கே இறந்தவருக்கான சான்றிதழ் 2022 மே 29 முதல் மின்னிலக்கமாகத்தான் வருகிறது. அதைப் பதிவிறக்கி, சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லாவில் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான சான்று, வாங்கி அனுப்புங்கள். வெறும் பிரிண்ட் எடுத்து அனுப்பினால் திரும்பி வரும்.

அத்தைகளைக் கேட்காமல் பிரிப்பது

"சீர் செஞ்சாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க" என்று ஆரம்பிக்கும் பாகப்பிரிவினை பிறகு கோர்ட்டுக்குப் போகும். தாத்தா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பரம்பரைச் சொத்தில் 2005 திருத்தம் மகளுக்கு அதே உரிமையைக் கொடுத்தது, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தெளிவாக்கியது. விட்டுக்கொடுக்க நினைக்கும் அத்தை, கேட்டபிறகு, விவரம் தெரிந்து, விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். எங்கள் சின்ன அத்தை எழுதித் தரவில்லை, பங்கை வாங்கிக்கொண்டார். அவர் பாகத்தையும் சேர்த்து இன்றைக்குச் சித்தப்பாதான் பார்க்கிறார், உறவும் கெடவில்லை.

செட்டில்மெண்ட் எழுதி வாங்குவது

ஊரில் இருக்கும் அப்பா பாசத்தில், "என் காலத்துலயே உன் பேருக்கு எழுதிடுறேன்" என்பார். வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைகள், இந்தியக் குடியுரிமையில் இருந்தாலும் சரி, சிங்கப்பூர் குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் சரி, இந்தியாவில் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. அந்நியச் செலாவணி விதி அப்படி. செட்டில்மெண்ட் என்பது தானம்தான். வாரிசாக வருவது செல்லும், உயில் மூலம் வருவதும் செல்லும். ஆகவே அப்பாவை உயில் எழுதிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் எல்லாருக்கும் இந்த விதி தெரிந்திருக்கும் என்று நம்பாதீர்கள், வெளிநாட்டுக்காரர் விவகாரம் தெரிந்த வக்கீலிடம் கேளுங்கள்.

பவர் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது

பவர் என்பது நமக்காக இன்னொருவர் செயல்பட எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். கொடுத்தவர் இறந்தால் அதோடு பவரும் போய்விடும். எதற்கு என்று குறிப்பிட்டு எழுதுங்கள், விற்கும் அதிகாரம் தேவையில்லாமல் கொடுக்காதீர்கள். கிரேஞ்ச் ரோடு இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பிய பிறகு, அது இந்தியா போய்ச் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரை வைத்தாக வேண்டும்.

வாய்க் குத்தகை

எழுதுங்கள். 1955ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது, கொடுக்கவும் வேண்டும். எழுத்து இருந்தால் அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

பத்து நாள் லீவில் எல்லாவற்றையும் மாற்றுவது

நடக்காது. சீனப் புத்தாண்டு விடுமுறை சம்பா அறுவடை நேரத்தில் வரும், அப்போது போங்கள். போய்க் களத்தில் வேலை செய்யுங்கள், சொட்டுநீர்த் திட்டத்தை வாயிலெடுக்காதீர்கள்.

புயலுக்கு மறுநாள் கணக்குக் கேட்பது

கேட்காதீர்கள்.

"அவருக்கு ஒண்ணும் இல்ல, சும்மா யோசனை"

கஜாவுக்குப் பிறகு சித்தப்பா விடியற்காலை எழுந்து தோப்புக்குப் போவதை விட்டார். மாடுகளை விற்றார். கேட்டால் முட்டிவலி என்றார். சாப்பாடு குறைந்தது, தூக்கம் இல்லை. நாங்கள் இங்கிருந்து பணம் அனுப்பினால் சரியாகிவிடும் என்று அனுப்பிக்கொண்டிருந்தோம். விவசாயி போன் எடுக்காமல் இருப்பதும், செய்துகொண்டிருந்த வேலையைக் காரணம் சொல்லாமல் நிறுத்துவதும், கால்நடையை அவசரமாக விற்பதும் முட்டிவலியால் வருவதில்லை. அடுத்த பஸ்ஸில் யாராவது அவரைப் பார்க்கப் போக வேண்டிய நேரம் அது.

இப்போது இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. இங்கே ராத்திரி விழித்துக் கிடப்பவர்களுக்கு 1771 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. நேரில் காட்ட வேண்டும் என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் இருக்கிறார். சித்தப்பா அண்ணன் பிள்ளைகள் பேச்சுக்கு மசியவில்லை. சித்திதான், "எனக்குச் சர்க்கரை பார்க்கணும், துணைக்கு வாங்க" என்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், அங்கே அவருக்கும் ஒரு சீட்டு போட்டார். முதலில் கோபப்பட்டார், அப்புறம் டாக்டரிடம் வெகுநேரம் பேசினார். அந்த வருஷம் கிழக்குப் பாகத்தைத் தரிசாகப் போட்டோம். மாத்திரை முடியும்வரை தாலுகா அலுவலக வேலையை அத்தை மகன் ஏற்றுக்கொண்டார். உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஆளை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.