வாட்டர் கலரில் மலையும் வரையாடும்: முதன்முறை வரைபவர்களுக்கு

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் இருக்கும் காட்சிமுனையில் நின்றால் கீழே அணையின் நீர்ப்பரப்பு தெரியும். கொஞ்சம் பொறுமையாக நின்றால் பக்கத்துப் பாறையில் வரையாடும் கண்ணில் படும். முதன்முதலில் அங்கே உட்கார்ந்து வரைந்தபோது ஆட்டைத் தாளின் நடுவில் பெரிதாக வரைந்துவிட்டு, மலையைப் பின்னால் நிரப்பினேன். ஆடு ஆடாக இருந்தது, ஆனால் மலையில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன்.

தேவையானவை

300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வாட்டர் கலர் தாள், சொரசொரப்பானது. மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் நெளியும். ஒரு பெரிய உருண்டை பிரஷ், ஒரு சிறியது, பென்சில், பழைய பருத்தித் துணி. நிறங்கள் நான்கு போதும்: அல்ட்ராமரைன் ப்ளூ, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), சாப் கிரீன். கறுப்பு வாங்க வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

1. முதல் அரை மணி நேரம் வெறுமனே பாருங்கள்

வரை என்றால் மலை. பெயரிலேயே மலையை வைத்திருக்கும் இந்த ஆடுதான் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. பெட்டைகளும் குட்டிகளும் கூட்டமாக மேயும். வளர்ந்த கிடா அடையாளம் காண எளிது: உடல் கரும்பழுப்பு, முதுகில் சேணம் போட்டதுபோல ஒரு வெளிர்சாம்பல் திட்டு. எங்கே நிற்கிறது, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று கவனியுங்கள். கிட்டே போகாதீர்கள், தின்ன எதுவும் கொடுக்காதீர்கள். தீனிக்குப் பழகிய ஆடு சாலைக்கு வந்து வண்டியில் அடிபடும்.

வரையாட்டைப் பார்க்க மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போக நினைத்தால், குட்டி போடும் காலத்தில், பொதுவாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்காவை மூடிவிடுவார்கள். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

2. பென்சிலில் பத்து ஆடுகள்

ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம்தான். உடலுக்கு ஒரு நீள்சதுரம், கழுத்துக்கு ஒரு சாய்கோடு, பின்னோக்கி வளையும் கொம்புக்கு ஒரு அரிவாள் கோடு. பாதி வரையும்போதே ஆடு திரும்பிவிட்டால் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். கொஞ்ச நேரத்தில் அதே நிலைக்குத் திரும்பும், அப்போது முடிக்கலாம். கால்களைச் சரிவோடு சேர்த்துப் பாருங்கள். மேட்டுப்பக்கக் கால் மடங்கியும் பள்ளத்துப்பக்கக் கால் நீண்டும் இருக்கும். அதைப் பிடித்துவிட்டால் பாறை வரையாமலே சரிவு தெரியும்.

3. தாளில் இடம் பிரிப்பது

தாளின் மேல் கால்பங்கை வானத்துக்கு விடுங்கள். பாறைச்சரிவை ஒரு மூலையிலிருந்து குறுக்கே இறக்குங்கள். ஏ4 தாளில் ஆடு உங்கள் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக வேண்டாம். மலை எவ்வளவு பெரியது என்பதை அந்தச் சின்ன உருவம்தான் சொல்லும்.

4. தூரத்து மலைகள்

வானத்தையும் கடைசி மலையடுக்கையும் ஈரத்தாளில் போடுங்கள். தூரத்து மலைக்கு நிறையத் தண்ணீர் கலந்த நீலம், அடுத்த அடுக்குக்கு அதே நீலத்தில் துளி சியன்னா, அப்புறம் இன்னும் அடர்த்தி. ஓர் அடுக்கு காய்ந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். பனிமூட்டத்தில் காய நேரமாகும், அவசரப்பட வேண்டாம். மலையடியில் மஞ்சு வேண்டுமென்றால், நிறம் ஈரமாக இருக்கும்போதே சுத்தமான பிரஷால் கீழ் விளிம்பைத் தண்ணீரில் கரைத்துத் துணியால் ஒற்றி எடுங்கள்.

5. சோலையும் புல்லும்

சோலைக்காடு மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும், மேடெல்லாம் புல். மரங்களைத் தனித்தனியாக வரையாதீர்கள். காலிஃப்ளவர் போல மொத்தையாகத் தெரியும் அந்தக் கூட்டத்துக்குப் பச்சையோடு சியன்னா கலந்து, பிரஷை அழுத்தி அழுத்தி எடுங்கள். கொழுந்து விடும் காலமென்றால் இடையிடையே செம்பு நிறம் தெரியும், அதை விட்டுவிடாதீர்கள். புல் மழைக்காலத்தில் பச்சை, ஜனவரிக்கு மேல் வைக்கோல் நிறம். அதற்கு ஓக்கர்.

6. பாறையும் ஆடும் ஒரே குழம்பில்

நான் மிகவும் விரும்பும் இடம் இது. பேலட்டில் (நிறம் கலக்கும் தட்டில்) அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் சமமாகக் கலந்தால் அருமையான சாம்பல் கிடைக்கும். கறுப்பு வேண்டாம் என்றது இதற்காகத்தான். நீலத்தின் துகள்கள் தாளின் குழிகளில் தங்கி, பாறையின் சொரசொரப்பு தானாகவே வந்துவிடும். பாறையை முடித்ததும் பிரஷைக் கழுவாதீர்கள். அதே குழம்பில் சியன்னாவைக் கொஞ்சம் கூட்டினால் வரையாட்டின் உடல் நிறம் தயார். நேரில் பார்க்கும்போதும் அது அசையும் வரை எது கல், எது ஆடு என்று தெரியாது. ஒரே குழம்பில் வரைந்தால் தாளிலும் அது பாறையோடு சேர்ந்துவிடும்.

சிறிய பிரஷின் நுனியால் உடலை ஒரே தடவையில் வையுங்கள். முதுகின் மேல்விளிம்பில் மயிரிழை அகலத்துக்குத் தாளின் வெள்ளையை விட்டுவிடுங்கள், வெயில் படுவது அங்கேதான். காய்ந்த பிறகு கொம்புக்கு அடர்த்தியான இரண்டு வளைகோடுகள். கண், மூக்கு எதுவும் வேண்டாம். குளம்புக்குக் கீழே பாறையில் சின்ன நிழல் ஒன்று வைத்துவிட்டு பிரஷைக் கழுவலாம்.