மாமல்லபுரத்தில் விடியற்காலைப் படங்கள்: முதலில் லென்ஸைக் கவனியுங்கள்

மாமல்லபுரத்தில் கடல் கிழக்கே. அர்ச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பமும் கிழக்கு பார்த்ததே. ஆகவே நல்ல வெளிச்சம் காலையில்தான். முந்தின இரவே போய்த் தங்கிவிடுங்கள். டிசம்பர், ஜனவரி உத்தமம். கடற்கரைக் கோயில் வாசல் 6 மணிக்குத் திறக்கும், அந்த மாதங்களில் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் எழும். ஜூனில் வாசல் திறப்பதற்குள் மேலே வந்துவிடும்.

1. கேமராவை வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள்

என் முதல் பயணம் இங்கேதான் கெட்டது. ஏசி அறையிலிருந்து கேமராவோடு நேராகக் கடற்கரைக்குப் போனேன். மூடியைத் திறந்ததும் லென்ஸ் முழுக்க வெண்படலம். துடைக்கத் துடைக்க மறுபடி படர்ந்தது. அது தெளிவதற்குள் செம்மையெல்லாம் போய் வானம் வெளுத்துவிட்டது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த செம்பு வியர்க்குமே, அதே கதைதான்: குளிர்ந்த கண்ணாடியில் கடற்காற்றின் ஈரம் படிகிறது.

இப்போதெல்லாம் கேமராவை ஜிப் கவரில் போட்டு இறுக்கி மூடி, கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே பால்கனியில் வைத்துவிடுகிறேன். கவரோடு சூடேறட்டும், நடுவில் திறக்காதீர்கள். அப்புறம், உப்புத் துளி பட்டால் உடனே துணியைப் போடாமல் முதலில் புளோயரால் (கையால் அழுத்திக் காற்றடிக்கும் ரப்பர் குமிழ்) மணலை ஊதுங்கள். மணலோடு தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

2. கடற்கரைக் கோயில்

நேர் மேற்கே நின்றால் சின்ன விமானம் (கருவறை மேல் எழும் கோபுரம்) பெரியதை மறைக்கும். வடமேற்குப் பக்கம் நகருங்கள், இரண்டும் பிரிந்து தெரியும். மார்கழியில் சூரியன் தென்கிழக்கே எழுவதால் கோயிலுக்குப் பின்னால் சரியாக வரும். வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷர் வையுங்கள், கோபுரங்கள் கருநிழலாகட்டும். கேமரா முக்காலிக்கு (ட்ரைபாட்) அனுமதி வேண்டும். நான் கொண்டுபோவதே இல்லை, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) ஏற்றிக்கொள்கிறேன்.

3. அர்ச்சுனன் தபசு

அவசரப்படாதீர்கள். முதல் வெயில் நேராக முகத்தில் அடித்து உருவங்களைத் தட்டையாக்கும். சூரியன் கொஞ்சம் ஏறியதும் செதுக்கலின் ஆழம் நிழலாக விழும். முழுப்பாறையை எடுத்தபின் யானைத் தந்தத்துக்குக் கீழே பாருங்கள்: ஒரு பூனை பின்னங்காலில் நின்று, கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். எனக்கு அங்கே 50 எம்எம் லென்ஸ்தான் பிடிக்கும்.

4. ஐந்து ரதங்கள்

கோயிலுக்கு எடுத்த சீட்டே இங்கும் செல்லும். நகுல சகாதேவ ரதத்தின் பின்பக்கம் யானையின் முதுகு போல வளைந்த தூங்கானை மாடம். பக்கத்திலேயே கல்யானை. இரண்டு முதுகும் ஒரே சட்டத்தில் விழும்படி பின்னால் நின்று எடுங்கள். அந்தச் சிற்பி காட்ட நினைத்த ஒப்புமை அதுதான் என்று நம்புகிறேன்.

பின்சேர்க்கை: போனில் வானம் வெளுத்துப்போகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். திரையில் வானத்தைத் தொட்டு அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியக் குறியைக் கீழே இழுங்கள். போன் லென்ஸும் வியர்க்கும், அதையும் ஜிப் கவரில் போட்டே வையுங்கள்.