எடின்பரோவில் ஆள் பழகிய விதம்

ஸ்காட்லாந்தில் நடக்கும் எடின்பரோ ஃபிரிஞ்ச் கலை விழாவில் ஒரு சிறு நாடகக் குழுவுக்கு மார்க்கெட்டிங் இன்டர்னாகப் போயிருந்தேன். 1947இல் எடின்பரோ சர்வதேச விழாவுக்கு அழைப்பில்லாமல் வந்த எட்டு நாடகக் குழுக்கள் தொடங்கிவைத்த விழா அது. விழா நிர்வாகம் இன்றும் யாரையும் தேர்வு செய்வதில்லை, யார் வேண்டுமானாலும் நிகழ்ச்சி நடத்தலாம். ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகள். ராயல் மைல் தெருவில் நோட்டீஸ் கொடுப்பதே எனக்கு முக்கால்வாசி வேலை.

நோட்டீஸ் கொடுக்கப் பழகிவிட்டது. ஆள் பழக்கம்தான் பிடிபடவில்லை. அறிமுகக் கூட்டங்களில் தயாரிப்பாளர்களிடம் விசிட்டிங் கார்டு வாங்குவேன், மெயில் போடுவேன், பதிலே வராது. அவர்களும் தூங்காமல் டிக்கெட் கணக்குப் பார்க்கும் மாதம் அது, பாவம்.

அப்புறம் ரூட்டை மாற்றினேன். பக்கத்தில் நோட்டீஸ் கொடுப்பவர்களோடு பேச ஆரம்பித்தேன். எங்கள் நாடகம் முடிந்த அரை மணி நேரத்தில் அருகிலேயே தொடங்கும் நாடகம் எது? வெளியே வரும் கூட்டத்துக்கு அதை நான் சொல்வேன். எங்களுடையதை அவர்கள் காலையில் சொல்வார்கள். விமர்சனத்தில் நட்சத்திரங்கள் கிடைத்தால் அதை அச்சடித்து நோட்டீஸில் ஸ்டேப்ளர் அடிப்பது அங்கே வழக்கம். அந்த ராத்திரி வேலையையும் சேர்ந்தே செய்தோம். எந்த அரங்கில் ஆள் எடுக்கிறார்கள், யாரிடம் பேசலாம் என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழுந்தது.

தயாரிப்பாளர்களுக்கு மறுபடி எழுதியது செப்டம்பர் நடுவில்தான். அவர்களுடைய நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்கள் வரிசையில் நின்று பேசிக்கொண்டதை நாலு வரியில் எழுதினேன், வேலை கேட்கவில்லை. இந்த முறை பதில் வந்தது. அதில் ஒருவர் மூலமாகத்தான் லண்டனில் அடுத்த வேலை.