ஒரே டிவிடி பிளேயர்ல ஹாலுக்கு 5.1, தாழ்வாரத்துக்கு ஸ்டீரியோ - என் அனுபவம்

செங்கோட்டையில எங்க வீட்டு ஹால்ல 5.1 ரிசீவர் (ஆறு ஸ்பீக்கருக்குத் தனித்தனியா சத்தம் குடுக்குறது), பின்னாடி தாழ்வாரத்துல அப்பாவோட பழைய ஸ்டீரியோ ஆம்ப், அதுல லெஃப்ட் ரைட் ரெண்டு பக்கம் மட்டுந்தான். சாரல் விழ ஆரம்பிச்சா அப்பா அங்கதான் உக்காருவாங்க, புனலூர்ல வாங்குன மலையாள டிவிடி எல்லாம் அங்கயே கேக்கணும்.

மொதல்ல பிளேயரோட ஆறு அனலாக் அவுட்டையும் ரிசீவர்ல சொருகிட்டு, ஃப்ரண்ட் லெஃப்ட் ரைட்டுல மட்டும் ஒய் ஸ்ப்ளிட்டர் போட்டு ஆம்புக்கு ஒயர் இழுத்தேன். மியூசிக் கேக்குது, மழைச் சத்தம் கேக்குது, பேச்சு மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வருது. "ஏலே, ஒருத்தனும் பேச மாட்டேங்கான்"னு அப்பா சத்தம் போட்டாங்க. 5.1ல வசனம் பெரும்பாலும் சென்டர் சேனல்லதான் இருக்கும், அது ஆம்புக்குப் போகவே இல்ல!

அப்புறம் ஆறு ஒயரையும் உருவிட்டு, பின்பக்கம் தூசி அடைஞ்சு கெடந்த ஆரஞ்சு கோஆக்சியல் சாக்கெட்ல (டிஜிட்டல் சத்தம் வெளிய வர்ற ஓட்டை) இருந்து ஒரே ஒயர் ரிசீவருக்கு. அதுக்குன்னு தனியா வாங்கல, மஞ்சள் வீடியோ ஒயரும் 75 ஓம்தான், தாராளமா போதும். மெனுவுல டிஜிட்டல் அவுட்ட பிட்ஸ்ட்ரீம்னு வச்சேன், அதாவது டிஸ்க்ல இருக்குற 5.1 சத்தத்தப் பிரிக்காம அப்படியே ரிசீவருக்கு அனுப்புறது; பிசிஎம்னு வச்சா பிளேயரே பிரிச்சு அனுப்பும், ஹாலுக்கும் வெறும் ஸ்டீரியோதான் போகும். ஸ்பீக்கர் செட்டப்ப 2 சேனல் டவுன்மிக்ஸ்னு (மத்த சேனலையும் லெஃப்ட் ரைட்டுல கலக்குறது) மாத்தி சிவப்பு வெள்ளைய நேரா ஆம்புக்குக் குடுத்தேன், சென்டர் ரெண்டு பக்கமும் கலந்து பேச்சு பளிச்னு வந்துருச்சு. டவுன்மிக்ஸ் அனலாக்குக்கு மட்டுந்தான், பிட்ஸ்ட்ரீமை அது தொடாது.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, டிடிஎஸ் டிராக் (டால்பி மாதிரி இன்னொரு வகை ஒலிப்பதிவு) போட்டா எங்க பிளேயர்ல அனலாக் பக்கம் ஊமையாயிரும், அதுக்குள்ள டிடிஎஸ்ஸப் பிரிச்சுக் குடுக்குற டிகோடர் கிடையாது. அந்த மாதிரி டிஸ்க்ல ஆடியோ மெனுவுக்குப் போயி டால்பி டிராக்க எடுத்தா ரெண்டு பக்கமும் பேசும்.